மஞ்சள் துணி முடிச்சு

வாழைப்பழம் வைக்கத்தான் ராணியம்மாள் மருமகளின் பையைத் திறந்தாள். குத்துச்சண்டைக் கையுறைக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப்பாவி... தாலி! புருஷன் குத்துக்கல்லாட்டம் கீறான், நீ தாலியக் கழட்டி முடிஞ்சி வெச்சிகீறியே!”

மைதிலி துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடினாள். இனி மூடி என்ன பயன்? அம்பத்தூரில் இன்று மாநில இறுதிப் போட்டி. எடை பார்ப்பார்களே என்று நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த மாதம் நாற்பது வயது. அப்புறம் ரிங்கில் ஏறப் போட்டி விதி இடம் தராது. ஆவடியில் முதன்முதலாகக் கையுறை மாட்டிய பெண் அவள். மோத இன்னொரு பெண் கிடைக்காமல் பையன்களிடம் குத்து வாங்கிப் பழகியவள். அப்போதெல்லாம் வராத பயம் இப்போது வந்தது.

“நகையோட ரிங்ல ஏத்தமாட்டாங்க அத்தே. முன்னெல்லாம் அங்க போய்த்தான் கழட்டுவேன். போன வருஷத்துலேர்ந்து அங்க கழட்டணும்னு நெனச்சாலே பயமாருக்கு. அதான் சாமி வெளக்கு முன்னாடி...”

“பேசாத! போன வருஷம் நீ கழட்டுன அன்னிக்குத்தான எம்புள்ள வெரலு மெஷின்ல போச்சு! இன்னிக்கு இன்னா போவப்போவுதோ... நீ வாசப்படி தாண்டுனா என்ன உசுரோட பாக்கமாட்ட!”

ஒரு வருஷமாக விழுங்கியதை மைதிலி இன்றும் விழுங்கினாள். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையைச் சுவரோரம் தள்ளினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கணவன் தமிழரசு, விரல் போன கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எம்மா, போதும்! அன்னிக்கு அவ ரிங்ல ஏறவே இல்ல! எனக்கு அடிபட்டுச்சுன்னு போன் வந்ததும் பைனல உட்டுட்டு ஓடியாந்தா. தோத்துட்டேன்னு நம்மகிட்ட பொய் சொன்னா. ஏன் தெரியுமா? என்னாலதான் தங்க மெடல் போச்சுன்னு நான் நொந்துடக்கூடாதாம்! கோச் யூசுப் பாய் போன வாரம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

ராணியம்மாள் மருமகளை வெறித்துப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு கையில சண்டைக்கு சுத்துன துணியோட வந்தியே...”

“அவுக்க நேரமில்ல அத்தே...”

“கழுத்துல தாலி இருந்துச்சே! கண்ணால பாத்தும் எனக்குப் புத்தி வரலியே... ஒரு வருஷமா உன்ன எப்டியெல்லாம் கரிச்சிக் கொட்டுனேன்!”

தலையில் அடித்துக்கொண்டவளின் கையைப் பிடித்து, அதே கையில் முடிச்சை வைத்தாள் மைதிலி.

“நீங்க வெச்சிருங்க. அப்பத்தான் பயமில்லாம ஏறுவேன்.”

“ஐயோ, நான் தாலி அறுத்தவடி... நான் தொடலாமா?”

“நீங்கதான் வெச்சிருக்கணும்.”

அம்பத்தூர் அரங்கில் ராணியம்மாள் ஒரு குத்தைக்கூடப் பார்க்கவில்லை. முடிச்சை நெஞ்சோடு அழுத்திக் கண்ணை மூடியிருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. “முடிஞ்சிச்சாடா... முடிஞ்சிச்சாடா...” என்று மகனை நச்சரித்தாள். கடைசியில் அவன் அழும் சத்தம் கேட்டுப் பதறிக் கண்ணைத் திறந்தாள். நடுவர் மைதிலியின் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

உதடு கிழிந்து, கன்னம் வீங்கி வந்த மைதிலி, மாமியார் முன்னால் தலையைக் குனிந்தாள். ராணியம்மாள் பதைபதைப்போடு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“யாராச்சும் சுமங்கலி வந்து போட்டு உடுங்கம்மா...”

மைதிலி நிமிரவில்லை.

“கழுத்து வலிக்குது அத்தே. சீக்கிரம் போடுங்க.”