கோமகனின் முழங்காலில் செஞ்சேறு

வாருங்கள், இந்தத் தூக்குமரத்தைப் பாருங்கள்! சிலுவைப்போருக்கு வந்த கோமகன் எக்பெர்ட் விடியலில் வயிற்றுப்போக்கில் மாண்டார். நண்பகலில் அவருடைய ஆர்மீனிய மருத்துவன் வஹ்ராம் தொங்கவேண்டுமாம். சாட்சி? இல்லை. அவன் அந்நியன்; அது போதுமாம்!

சலவைக்காரி கெர்லிண்ட், துறவி வோல்க்மாரின் கூடாரத்துக்குள் ஓடிவந்தாள்.

"சாமி, வஹ்ராம் காய்ச்சிக் குடுத்த பார்லித் தண்ணியில விஷமாம்! என் புருஷனப் பொழைக்க வெச்ச மனுஷன் சாமி அவரு!"

"மொதல்ல மூச்சு விடு. கோமகன் துணிய நீதானே துவைச்ச? என்ன பார்த்த?"

"பத்து நாளா முட்டியில செஞ்சேறு. தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேஞ்சுது. ஜெபம் பண்றாரு போலன்னு விட்டுட்டேன்."

"ஜெபக் கூடாரத்துல கம்பளம் விரிச்சிருக்கே, கெர்லிண்ட்."

அடக்கத்துக்காகத் தன்னிடம் வந்திருந்த கோமகனின் தலைக்கவசத்தை வோல்க்மார் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். உள்துணியில் பச்சைப்பாசி. அதைக் கையிலேந்தி நோயாளிகளின் கூடாரத்துக்கு நடந்தார்.

அங்கிருந்த பன்னிரு காலாட்களோடு அவர் தூக்குமரத்தடிக்கு வந்ததைப் பார்த்துத் தளபதி ராபோட் நகைத்தான். "என்ன சாமி, பிணம் விழறதுக்கு முன்னாடியே மந்திரமா?"

"பிரபு, பெரிய வியாழனன்னிக்கு, ஏசு தன் சீடருக்குச் செஞ்ச மாதிரி, கோமகன் தன் கையால பாதம் கழுவிவிட்ட பன்னெண்டு காலாட்கள் இவங்க. அன்னிலேர்ந்து வஹ்ராம் காய்ச்சின பார்லித் தண்ணி முழுசையும் குடிச்சது இவங்கதான். விஷம்னா இவங்கல்ல செத்திருக்கணும்?"

பன்னிருவரில் மூத்த வில்லாளி அழுதான். "கோமகன் தன் பங்க எங்களுக்குக் குடுத்துட்டு, வெளியில சொல்லக்கூடாதுன்னு சிலுவை மேல சத்தியம் வாங்கிட்டாரு. அதுக்காக வஹ்ராமும் சாகணுமா?"

"அப்போ கோமகன் எதக் குடிச்சாரு?" என்றான் ராபோட்.

"காலாட்கள் குடிக்கிற ஆத்துத் தண்ணிய. முட்டி போட்டு, இந்தக் கவசத்துல மொண்டு. செஞ்சேறு அந்தத் துறையில மட்டுந்தான் இருக்கு. அதுக்கு மேல்துறையில யாரோட குதிரைங்க நிக்குது, பிரபு?"

ராபோட்டின் முகம் வெளிறியது. மேல்துறை பிரபுக்களின் குதிரைகளுக்கே என்பது தலைமுறை வழக்கம். இந்த முகாமிலும் அதையே ஆணையாகப் பிறப்பித்தவன் அவனே. அந்தச் சாணத் தண்ணீரைக் காலாட்களோடு குடித்து, தெளிந்த நீரை அவர்களுக்கே தந்து மாண்டாரே, அவரல்லவா அரசர்!

கெர்லிண்ட் எவர் உத்தரவுக்கும் காத்திராமல் ஏணியில் ஏறினாள். ஈரம் காயாத விரல்களால் வஹ்ராமின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

மன்னரைப் போற்றுகிறவர்களே! சிலை வேண்டாம், கண்ணீர் வேண்டாம். உங்கள் ஊரின் மேல்துறையில் நிற்கும் குதிரைகளை இன்றே கீழே ஓட்டுங்கள்!