ஏழாம் எண் கம்ப்யூட்டர்

ஒலிக்கான டிரைவர் மென்பொருளை அவள் இன்னும் போடவே இல்லை. திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. ஆனாலும் ஏழாம் எண் கம்ப்யூட்டர் பேசியது.

"சாளரம். அமைப்புகள். மூடு. பொத்தான்."

அவள் மவுஸை மேசைமேல் தூக்கிப் போட்டாள்.

இதைச் சரிசெய்யப் பார்ப்பது மூன்றாவது தடவை. இந்த அலுவலகத்தின் பதினொரு கம்ப்யூட்டர்களிலும் இயங்குதளத்தின் புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து இது ஒன்றுதான் அவள் உயிரை வாங்கியது. மற்றவையும் முதலில் ஊர்ந்துகொண்டுதான் இருந்தன; தானாகத் தொடங்கும் வெட்டி வேலைகளை நிறுத்தி, குப்பைக் கோப்புகளைத் துடைத்து, பிரிண்டர் தகராறைத் தீர்த்ததும் வழிக்கு வந்துவிட்டன. ஏழாம் எண் மட்டும், பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதியை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டு, ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரலில் நாள் முழுக்க வாசித்தது. அதை அணைத்துப் பார்த்தாள். வேறு கணக்கு உருவாக்கிப் பார்த்தாள். இன்று காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடியிலிருந்து புதிதாகப் போட்டாள். அதற்கே நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

இன்று சனிக்கிழமை அரைநாள் முடிந்து கிளம்பும்போது மேனேஜர் சாவியை அவள் கையில் கொடுத்திருந்தார்.

"திங்கட்கிழமையும் அது வாயைத் திறந்துச்சுன்னா, நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவளும் அண்ணனும் சேர்ந்து நடத்தும் சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நிலையான வேலை என்று இருந்தது இந்த ஒரு அலுவலகம்தான். ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு அவள் மேசைக்கடியில் குனிந்து ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள்.

"ஜன்னல். மூன்று. திறந்திருக்கிறது."

இதுவரை திரையில் திறக்கும் கட்டங்களைத்தான் அது சாளரம் என்று சொல்லும். ஜன்னல் என்று சொன்னதே இல்லை.

அவள் நிமிர்ந்தாள். நீளமான அறை. ஒரே வரிசையில் பதினொரு மேசைகள், பதினொரு சக்கர நாற்காலிகள். பதினொன்றாவதை ஒட்டிக் கதவு. ஏசியை நிறுத்திவிட்டுப் போயிருந்ததால் தரைவிரிப்பின் பழைய பசை வாடையும் சூடான தூசியின் நெடியும் கலந்து தேங்கியிருக்க, மதிய வெயில் திரைச்சீலைகளின் இடுக்கு வழியே பட்டை பட்டையாக விழுந்திருந்தது. மூன்றாவது ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.

இந்தக் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, மறுபடியும் பேசுது. ஸ்பீக்கரே இல்லாம பேசுது."

"மானிட்டருக்குள்ள ஸ்பீக்கர் இருக்கும், பாரு."

"இந்த மாடல்ல இல்லண்ணா. தலை வெடிக்குது எனக்கு."

"நாற்காலி. ஒன்று. காலி," என்றது குரல். "நாற்காலி. இரண்டு. காலி."

"பக்கத்துல யாரு?" என்றான் அண்ணன்.

"அதான் நான் சொல்ற சனியன்."

"நாற்காலி. ஆறு. காலி. நாற்காலி. ஏழு. பெண்."

அவள் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

குரல் விடாமல் பதினொன்று வரை போனது. மற்ற எல்லாம் காலி. அண்ணன் மெதுவாகச் சொன்னான். "சுவிட்சை அணைச்சிரு. பிளக்கையும் பிடுங்கிடு. நான் கிளம்பி வர்றேன்."

அவள் போனை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. உள்ளே மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அறையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"கதவு. திறக்கப்பட்டது."

அது கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. அறையிலிருந்து வந்தது. ஆளில்லாமலே கதவு உள்பக்கமாகத் திறந்து, தானே மூடிக்கொண்டது.

"நாற்காலி. பதினொன்று. காலி இல்லை."

யாரும் இல்லை. ஆனால் பதினொன்றாவது நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. கனமான ஆள் உட்காரும்போது வருமே, அந்தப் புஸ்ஸென்ற பெருமூச்சு, அதுவும் கேட்டது.

"நாற்காலி. பதினொன்று. காலி."

மெத்தை மெல்ல எழும்பியது.

"நாற்காலி. பத்து. காலி இல்லை."

எழுந்து ஓட வேண்டும். ஓடினால் அதைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

"பத்து. காலி."

புஸ்.

"ஒன்பது. காலி இல்லை."

மேசைமேல் போனுக்குள் அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். "என்னடி ஆச்சு? பேசுடி!"

"எட்டு. காலி இல்லை."

கை நீட்டினால் தொடும் தூரம். வெயில் விழுந்த மெத்தையில் இரண்டு தொடைகளின் குழி. நீலத் துணியின் சுருக்கங்கள் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஈரத் துணியை மூட்டையிலேயே விட்டது போன்ற வாடை.

குழி மறைந்தது.

"எட்டு. காலி."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காத்திருந்தாள். ஒன்றுமில்லை. வெகு நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மடியில் குளிர்ந்தது. கனத்தது. அவள் முழங்கால்கள் அழுந்தின. முகத்தில் ஈரமாக முடி உரசியது. அடியில் நாற்காலி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கியது.

குரல் இப்போது அவள் காதுக்குள் கேட்டது.

"நாற்காலி. ஏழு. இரண்டு பேர்."