ஏழு நிமிட ஆட்சியர்

வேலாங்கரைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில், வெளியூரிலிருந்து முறையிட வந்தவர்களுக்கு இட்லியோடு ஒரு நுழைவுச்சீட்டும் இலவசம். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கான சீட்டு அது. இரண்டாம் கரண்டி சட்னிக்கு முகத்தைச் சுளிக்கிற லாட்ஜ் இதை மட்டும் ஏன் தேடி வந்து தருகிறது என்று பிரகாசிக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் சும்மா வருவதைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் நண்டுத்துறைக்காரர்களுக்குக் கிடையாது. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நண்டுத்துறை அவள் ஊர். ஆண்டுக்கு ஒரு தெருவாகக் கடல் தின்றுகொண்டிருந்த ஊர். கணினி நிரலே ஆளும் நிரலாட்சி வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஊருக்குத் தடுப்புச்சுவர், எந்த ஊருக்கு நீரேற்றி, எந்த ஊரைக் கைகழுவுவது என்பதையெல்லாம் நிரல்தான் கணித்துச் சொன்னது. ஆட்சேபம் உள்ளவர்கள் நகரத்துக்கு வந்து முறையீட்டுக் கூண்டில் நின்று பேசலாம். முந்தின நாள் காலை பிரகாசி நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்காகத் தொண்டை வறளப் பேசினாள். கூண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிவு நாளை பகல் ஒரு மணிக்கு உங்கள் கைத்திரையில் வரும்" என்றது.

ஒரு மணி வரைக்கும் அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

"போய்ட்டு வாங்கக்கா, நல்லாருக்கும்," என்றான் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றவன். அவனும் ஏதோ ஊருக்காக முறையிட வந்தவன்தான். முப்பது வயது இருக்கும். இரண்டு நாள் சாப்பாட்டு மேசைப் பழக்கம். அக்கா, தம்பி என்பதே போதுமாக இருந்ததால் பெயரையோ ஊரையோ இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "நேத்து நான் போனேன். கலெக்டர் நாற்காலியில உக்கார வச்சு போட்டோ எடுக்குறாங்க. ராஜ மரியாதை!"

"ஒனக்கு எப்பம்பா முடிவு சொல்லுதாவ?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நல்லதே வரும்கா. ரெண்டு பேருக்கும்."

வாசலிலிருந்து கட்டடம் வரைக்கும் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நின்றன. கொடிக்கம்பம், பூட்டிய கருவூலம், மனு எழுதிக் கொடுப்பவர்கள் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த கல் மேடை எல்லாவற்றையும் பிரகாசி ஆற அமரப் பார்த்தாள். சிவப்புக் கட்டடத்தின் நீண்ட வராந்தாவில் செருப்புச் சத்தம் எதிரொலித்தது. அவளுடைய அம்மா கடைசியாக மனுவோடு காத்துக் கிடந்து, கலெக்டரைப் பார்க்காமலே திரும்பிய வராந்தா அது. இன்றைக்கு அம்மாவின் மகள் உள்ளேயே போகப்போகிறாள் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அறை வாசலில் வெள்ளைக் கோட்டும் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக ஒருவர் நின்றார். பழங்கால டவாலி உடுப்பு. பெயர் மாசிலாமணி என்று வில்லை சொன்னது. அவர் பிரகாசியின் சீட்டை வாங்கித் துளையிட்டுத் திருப்பிக் கொடுத்து, குனிந்து வணங்கினார்.

"அடுத்த ஏழு நிமிசத்துக்கு நீங்கதான் கலெக்டரம்மா. உக்காருங்க."

நாற்காலி அகலமாக இருந்தது. மேசையில் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டு, சிவப்பு நாடா கட்டிய கோப்பு ஒன்றை அவள் முன்னால் வைத்தார். அட்டையில் தாமரைப்பள்ளம் என்று எழுதியிருந்தது. அழகான பேராயிருக்கே என்று நினைத்துக்கொண்டாள். பக்கங்களுக்கு நடுவே ஒரு கொடிச்சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மாசிலாமணி மிகச் சரியாக அந்தப் பக்கத்தைத் திறந்து, பச்சை மைப் பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

வங்கியில், ரேஷன் கடையில், புருஷனின் அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் என்று வாழ்நாளெல்லாம் பிரகாசி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. படித்தால் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதனால் எப்போதும் கேட்பதையே இப்போதும் கேட்டாள்.

"எங்க போடணும்?"

மாசிலாமணியின் விரல் இடத்தைக் காட்டியது. போட்டாள். மை கசிந்து ஆள்காட்டி விரலில் ஒட்டியது. புகைப்படத்தில் அசல் கலெக்டர் மாதிரியே இருந்தாள்.

பகல் ஒரு மணிக்கு லாட்ஜ் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது கைத்திரை அதிர்ந்தது. இடது கையால் எடுத்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு எதிரே இருந்த தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நண்டுத்துறை. தொண்ணூறு நாட்களுக்குள் காலி செய்யப்பட வேண்டும். ஒப்பம், சே. ஒளிவண்ணன், மாவட்ட ஆட்சியர்." நிமிர்ந்தாள். "ஏ தம்பி, கலெக்டருனு ஒரு ஆளே இப்பம் கிடையாதே! எவம்ல அது ஒளிவண்ணன்? எந்த எடுபட்ட பய கை இது?"

அவன் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது.

"அக்கா... என் பேருதான் ஒளிவண்ணன்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஓர் அறை விழுந்தது. சோற்றுக் கையோடு அறைந்தாள். அவன் கன்னத்தைத் துடைக்கக்கூட இல்லை. தன் கைத்திரையிலிருந்த புகைப்படத்தைக் காட்டினான். அதே நாற்காலி, அதே பச்சைப் பேனா, வாயெல்லாம் பல்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. வெளையாட்டுனு நெனச்சேன். போட்டோவுக்குத்தான்னு நெனச்சேன்."

பிறகு சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினான். பொடி எழுத்து. கண்ணருகே கொண்டுபோய்த் திக்கித் திக்கிப் படித்தான். கைச்சட்டத்தின்படி, மக்களை ஊர்விட்டு ஊர் பெயர்க்கும் ஆணைகள் மனிதக் கையால், மையால், ஆட்சியர் அறையில் ஒப்பமிடப்பட வேண்டும். இச்சீட்டை உடையவர் ஏழு நிமிடங்களுக்கு ஆட்சியராக நியமிக்கப்படுகிறார். ஒப்பமிட்டவர் அன்றே அலுவலகம் மூடும் முன் நேரில் வந்து அதைத் திரும்பப் பெறலாம்.

"அன்றே," என்றான் இன்னொரு முறை. "நேத்தோட போச்சுக்கா. படிச்சிருந்தா..."

பிரகாசி தன் வலக்கையைப் பார்த்தாள். பருப்புச் சோற்றுக்கு அடியில் விரல் பச்சையாக இருந்தது.

"ஒன் ஊரு எதுப்பா?"

"தாமரைப்பள்ளம்."

அவளால் சும்மா இருந்திருக்க முடியும். ஐந்து மணி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கணக்கு நேராகிவிடும். அந்த நினைப்பு வந்தது, அது இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்துக்கொண்டே அவள் எழுந்தாள்.

"எந்தி. ஒன் ஊருக்கு நாந்தான் காலையில கையெழுத்துப் போட்டேன். ஓடியா!"

தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள். அறை வாசலில் வெளியூர்க்காரர்களின் வரிசை நின்றது. எல்லார் கையிலும் ஏதேதோ லாட்ஜுகளின் சீட்டு. பிரகாசி வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போய் மேசையில் கையை ஊன்றினாள்.

"என் கையெழுத்தத் திருப்பிக் குடும்!"

மாசிலாமணி வியப்போடு பார்த்தார். "பதினோரு வருசத்துல திரும்பி வந்த மொத ஆளு நீங்கதாம்மா," என்றார். உள்ளே போய்க் கோப்பைத் தேடி எடுத்து வந்தார்.

"இப்படி ஒரு பாவத்த எங்க தலையில ஏத்திருக்கியளே, ஏன்யா?"

"நல்ல மனசோட போட்ட சட்டம்மா. யந்திரம் மட்டும் முடிவெடுத்துடக் கூடாது, ஒரு மனுசன் பாக்கணும்னு. முன்ன நெசமான கலெக்டருங்க இருந்தாங்க. படிச்சுப் பாத்துட்டு, போட முடியாதுன்னு ஒருத்தர் பின்னால ஒருத்தர் எழுதிக் கொடுத்துட்டுப் போய்ட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் இந்தச் சீட்டு." தயங்கிவிட்டுச் சொன்னார். "சொந்த ஊர்க் கோப்பு மட்டும் யாருக்கும் வராது. அதுல ரொம்பக் கண்டிப்பு."

பிரகாசி முதல் முறையாக அந்தப் பக்கத்தைப் படித்தாள். ஆயிரத்து இருநூறு பேர், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஏரி. பச்சை மையால் தன் பெயரைக் குறுக்கே அடித்து, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். ஒளிவண்ணன் சுவரோடு சாய்ந்து கைகூப்பி அழுதான். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அது நண்டுத்துறைக்காக.

மாசிலாமணி அந்தப் பக்கத்தை உருவிக் கிழித்தார். இழுப்பறையிலிருந்து அதே வாசகம் அச்சிட்ட புதுத் தாளை எடுத்து அதே இடத்தில் செருகினார். நாடாவைக் கட்டி மேசையில் வைத்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

"என்னய்யா செய்யுதீரு?"

"யாராவது போட்டுத்தானேம்மா ஆகணும்," என்றார் தாழ்ந்த குரலில். வாசலைப் பார்த்து, "அடுத்தவங்க வரலாம்" என்றார்.

வராந்தாச் சுவரிலிருந்த கண்ணாடி முன்னால் தலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெண் கூச்சத்தோடு உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தாள். பிரகாசி பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்தாள். "படிச்சுப் பாரு தாயி! இது வெளையாட்டில்ல, படிச்சுப் பாரு!" பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நேரமாவுதுல்ல என்றது ஒரு குரல். அந்தப் பெண் பிரகாசியின் சோறு காய்ந்த கையைப் பார்த்துச் சற்றே விலகி உட்கார்ந்துகொண்டாள். பேனாவை வாங்கி, மாசிலாமணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க போடணும்?"