நான்கு நிமிடக் கடல்

காலை ஆறரைக்குப் பதினேழாம் குடியிருப்பின் கீழ்க்கூடத்தில் முந்தின நாள் கடலை மாட்டுவார்கள். ஆள் உயரப் படம். பன்னிரண்டு மாடிச் சனமும் இறங்கி வந்து, கையில் தேநீரோடு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும். சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஒருவர் நீர் இறங்கியிருப்பதைக் காட்டி "வத்தம்" என்பார். இன்னொருவர் "இல்ல, ஏத்தம் தொடங்கிட்டு" என்பார். கடலை நேரில் பார்த்து இருபத்து மூன்று வருடமாகிவிட்டவர்கள் அவர்கள்.

கூட்டத்தின் கடைசியில் ஜெனோவாவும் நிற்பாள். படத்தை எடுத்தவள் அவள்தான்.

கடல் ஊருக்குள் ஏறிய பிறகு கரையோரம் முழுவதையும் வேலி போட்டு அடைத்து, சங்குமுனைக்காரர்களை நாற்பது கிலோமீட்டர் உள்ளே கரிசல் மேட்டில் குடியேற்றியிருந்தார்கள். வேலிக்கு அப்பால் போகக் கடல்பதிவர்களுக்கு மட்டும் அனுமதி. சங்குமுனைக்கு ஜெனோவா ஒருத்திதான். அவள் கொண்டுவரும் படம் சட்டப்படி சாட்சி. இயந்திரங்கள் எதை வேண்டுமானாலும் வரைந்து காட்டத் தொடங்கி, வீடியோவையும் கருவிக் கணக்குகளையும் ஒருவரும் நம்பாமல் போன காலத்தில் வந்த சட்டம் அது. மருந்து பூசிய பழைய மாதிரி ஃபிலிம் தட்டில் லென்ஸ் வழியே வந்த ஒளி மட்டும் விழ வேண்டும். ஷட்டர் மூடியதும் தட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அந்தப் படத்துக்கு 'நேர்பதிவு' என்று முத்திரை விழும். நேர்பதிவை மறுத்துப் பேச நீதிமன்றத்தில்கூட வழி கிடையாது.

ஷட்டரைத் திறக்கும்முன் என்ன செய்யலாம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஜெனோவாவின் கலை முழுவதும் அங்கேதான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவள் அலையை அலையாகவே எடுத்தாள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், துளித்துளியாக எண்ணலாம். அந்தப் படங்களை மாட்டிய நாட்களில் கூடத்தில் ஒரே அழுகை. கடல் ஏறிய அன்று மகனைப் பறிகொடுத்த பவுலின் ஒரு காலை படத்தின் முன்னால் மயங்கி விழுந்தாள். மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தாள். அதற்கப்புறம் ஜெனோவாவுக்கு அப்படி எடுக்கக் கை வரவில்லை.

வேறு வழி தேடினாள். லென்ஸின் முன்னால் கருங்கண்ணாடி ஒன்றைப் பொருத்தினாள். பட்டப்பகலையும் அந்தியாக்கிவிடும் அடர்ந்த கண்ணாடி. அதைப் போட்டால் ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைக்கலாம். நான்கு நிமிடத்தில் முப்பது நாற்பது அலை வந்து போகும். ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எதற்கும் உருவம் தங்காமல், கடைசியில் தட்டில் பால் பரப்பியது போன்ற நீர் மட்டும் மிஞ்சும். அசையாத பாறைகள் கூர்மையாக நிற்கும். இடிந்த மாதா கோயில் கோபுரம் படத்துக்குள் வராதபடி நாலடி தள்ளி நிற்கவும், நுரையில் மிதக்கும் குப்பை பாறைக்குப் பின்னால் ஒளியும்படி குனிந்து எடுக்கவும் பழகினாள். எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்வாள். அப்புறம்தான் கேமரா முக்காலியை நடுவாள்.

பவுலின் மறுபடி கூடத்துக்கு வரத் தொடங்கினாள். "இப்பத்தான் நம்ம கடல் மாதிரி இருக்கு" என்றாள். ஜெனோவா அன்று வீட்டுக்குப் போய் மனம் நிறையச் சாப்பிட்டாள்.

கருங்கண்ணாடி மறைத்தது இன்னொன்றும் உண்டு. காற்றே இல்லாத தெளிந்த நாளில், எந்த அறிகுறியும் காட்டாமல், கடல் ஒரே மூச்சில் இரண்டு ஆள் உயரம் எழுந்து உள்ளே வரும். அரை நிமிடத்தில் திரும்பிப் போய்விடும். கள்ளக்கடல் என்பது அதற்குப் பழைய பெயர். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்தது இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தது. ஜெனோவா மணல்மேட்டின் உச்சியில் நின்று எடுத்ததால் பிழைத்தாள். ஷட்டர் திறந்திருக்கும்போது அது வந்தால், பாறைகளின் இடுப்பளவுக்கு ஒரு மெல்லிய மூட்டம் தட்டில் படியும். சனங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் அவைதான். ஒவ்வொரு முறையும் அவள் அறிக்கையில் எழுதி அனுப்பினாள். எழுத்து சாட்சி ஆகாது என்பதால் அதை யாரும் படிக்கவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருடம் கரிசல் மேட்டில் நிலத்தடி நீர் வற்றியது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றார்கள், பிறகு ஏழு. அப்போதுதான் கரைமீள் திட்டம் வந்தது. கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டுவார்கள். விருப்பப்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பலாம். அதற்குப் பொறுப்பான அதிகாரி கமலநாதன், ஒரு வருடத்துப் படங்களைக் கூடத்துச் சுவர் முழுக்க வரிசையாக மாட்டினார். எந்தப் படத்திலும் தண்ணீர் கரையில் நட்டிருந்த எல்லைக்கல்லைத் தாண்டவில்லை என்று கோடு போட்டுக் காட்டினார்.

ஜெனோவா அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"சார், அதெல்லாம் நாலு நிமிஷம் திறந்து வச்சு எடுத்தது. வந்துட்டு உடனே போற தண்ணி அதுல பதியாது."

"படத்துல நீங்க ஏதாவது கை வச்சீங்களா?"

"இல்ல."

"முத்திரை சரியா இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா..."

"அப்புறம் என்னம்மா. இங்க தண்ணி எத்தனை நாளைக்கு வரும்னு எனக்குத் தெரியும். உங்க படத்தை விட்டா இந்தச் சனத்துக்குக் காட்ட என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

திரும்புகிறவர்கள் பட்டியலில் முதல் கையெழுத்து அவள் தம்பி டைட்டஸுடையது. குடியேறியபோது அவனுக்குப் பதினான்கு வயது. இப்போது மேட்டில் குழாய் பழுது பார்க்கிற வேலை. மனைவி பெர்னதெத் ஐந்து மாத கர்ப்பிணி.

ஜெனோவா கருங்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மணல்மேட்டில் ஒன்பது நாள் காத்திருந்தாள். பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கு அது வந்தது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தாள். எல்லைக்கல் இருந்த இடத்தில் பழுப்புச் சுவர் ஒன்று நிற்கிற படம். முத்திரை வாங்கி, டைட்டஸின் வீட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான்.

"பயமாத்தான் இருக்கு" என்றான். "இது எவ்வளவு நேரம் திறந்தது?"

"கண்ணு சிமிட்டுற நேரம்கூட இல்ல."

"மத்ததெல்லாம் நாலு நிமிஷம். முந்நூறு படம். கணக்குப் பாத்தா இருபது மணி நேரக் கடல் அந்தச் சுவர்ல இருக்குக்கா. நீ ஒரு சிமிட்டலக் கொண்டுவந்து, இதுதான் நிஜம்ங்கிற."

"அந்த ஒரு சிமிட்டல்லதாண்டா நம்ம ஊரு போச்சு."

"அப்ப பதினோரு வருஷமா எங்களுக்கு என்னத்தக் காட்டுன?"

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கோவத்துல கேக்கலக்கா. உன் படம் இல்லேன்னா இங்க பாதிப் பேரு என்னைக்கோ தூக்குல தொங்கியிருப்பான். அதப் பாத்துப் பாத்துத்தான் எனக்குப் பயம் விட்டுப்போச்சு. இப்ப வந்து பயப்படுன்னா எப்படிப் பயப்பட? இவளுக்குக் கொழந்த பொறந்தா குளிப்பாட்டத் தண்ணி வேணும்."

மறுநாள் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். மத்தியானத்துக்குள் யாரோ அதன் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள். பவுலினாக இருக்கலாம் என்று நினைத்தாள், விசாரிக்கவில்லை.

வீடு கட்ட முதலில் ஆண்கள் போனார்கள், நாற்பத்தொரு பேர். அவர்கள் கரையில் கால் வைத்த காலையைப் பதிவு செய்யும்படி ஜெனோவாவுக்கு உத்தரவு வந்தது. முந்தைய படங்களோடு ஒப்பிட வேண்டும், அதனால் அதே இடம், அதே கருங்கண்ணாடி, அதே நான்கு நிமிடம். ஆட்கள் தண்ணீரைக் கண்டதும் ஓடினார்கள். சிலர் மண்டியிட்டு மணலை வாரி முகத்தில் பூசிக்கொண்டார்கள். டைட்டஸ் இடுப்பளவு நீரில் நின்று, மணல்மேட்டைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். என்ன கத்தினான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவளும் கையை ஆட்டினாள்.

பத்தொன்பதாம் நாள், பட்டப்பகலில், அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கடல் எழுந்தது. ஆலையின் இரும்புக் கோபுரத்தில் ஏறி நின்ற இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்றவர்களின் உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

விசாரணை ஒரு வாரம் நடந்தது. படங்கள் நேர்பதிவு, ஆகவே கடல் குற்றமற்றது. பழுப்புச் சுவர் படத்தை முந்நூறுக்கு எதிராக ஒன்று என்று ஒதுக்கிவைத்தார்கள். வேலையாட்கள் எல்லைக்கல்லுக்குக் கீழே போய் உட்கார்ந்ததுதான் காரணம் என்று முடிந்தது. ஜெனோவா தன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். வேறு பதிவர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேட்டில் தண்ணீர் நாலு லிட்டராகியது. இரண்டாம் பட்டியலைத் திறந்த அன்றே நூற்றுப் பத்துக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. அவர்களிடம் அவள் வாய் வலிக்கப் பேசிப் பார்த்தாள். "இங்க இருந்தா மட்டும்?" என்று கேட்டார்கள்.

டைட்டஸின் பெயரில் வெறும் பெட்டியைப் புதைப்பதற்கு முந்தின நாள் காலையில் பெர்னதெத் வந்தாள். நிறைமாதம். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"பெட்டிக்குள்ள வைக்க அவரு படம் ஒண்ணு வேணும் மைனி."

"உன் செல்லுல நிறைய இருக்குமே."

"அதெல்லாம் மெஷின் திருத்துன மூஞ்சி. எது அவரு, எது அது போட்டதுன்னு எனக்கே தெரியல. அவரு மேல பட்ட வெளிச்சம் உள்ளது வேணும். நீங்க எடுத்தீங்கல்ல, அன்னைக்கு."

ஜெனோவா அந்தப் படத்தை எடுத்து விரித்தாள். பால் போன்ற நீர், கூர்மையான பாறைகள், மிக அழகான வானம். நாற்பத்தொரு பேரும் ஓடியும் குனிந்தும் கை ஆட்டியும் இருந்தார்கள். அதனால் தட்டில் ஒருவரும் இல்லை. நீரோரம் ஏழெட்டு இடத்தில் ஊதினால் போய்விடும் போன்ற சாம்பல் கறைகள் இருந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் நின்ற யார் யாரோ.

பெர்னதெத் படத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"இதுல அவரு எது மைனி?"

டைட்டஸ் நின்றது நீருக்குள். அங்கே வெண்மையைத் தவிர எதுவும் இல்லை. ஜெனோவா கரையில் இருந்த கறைகளில் கொஞ்சம் உயரமான ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"இதுதான்."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தானே எடுத்தேன்" என்றாள் ஜெனோவா.

பெர்னதெத் அந்தக் கறையைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். பிறகு கத்தரிக்கோல் கேட்டாள்.