வலையில் வந்த கெண்டி

பலகையில் கவிழ்த்து வைத்து அரைமணி நேரமாகியும் கெண்டியின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை.

போர் முடிந்து மூன்றாம் வருடம். கணவன் ஸியாதின் வலையில் அன்று காலை மீனோடு வந்த வெள்ளீயக் கெண்டி அது. சாம்பலால் தேய்த்தால் கீறும், அடுப்பருகே வைத்தால் உருகும் என்று ஷிஹாராவுக்குத் தெரியும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள், இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் அதை ஊறவைத்து, பழைய சாரத்துண்டால் வயிற்றிலிருந்து கழுத்துவரை, கழுத்திலிருந்து மூக்குவரை ஒரே போக்காகத் துடைத்திருந்தாள். அழுகிய பாசி வாடையோடு கருமை கழன்று, மழைமேகத்தின் மங்கிய மினுக்கம் வந்திருந்தது.

உள்ளே துணியை விட்டுத் துவட்டினாள். மறுபடியும் சொட்டியது. விரலில் தொட்டு நாவில் வைத்தாள். ஆலங்குடாவில் அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரே சவர். இது இனித்தது.

வெளியே தென்னைகளில் காற்று விழுந்துவிட்டிருந்தது. அவளுடைய தாய் ஹவ்வா உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கெண்டியைக் கண்டதும் நின்றாள்.

“எங்கால மகள் இது?”

“வலையில வந்திச்சும்மா. நல்ல சாமான். அலுமாரியில வைப்பம்.”

“கைபுடி உள்ளுக்கு நெளிஞ்சிருக்கா பாரு.”

நெளிந்திருந்தது.

ஹவ்வா உம்மா கதிரையில் சாய்ந்தாள். “தொண்ணூறுல மன்னாரால இங்க ஓடி வரக்குள்ள வள்ளத்துல நம்மட குடிதண்ணி இதுலதான் இருந்திச்சு. ஒண்ட தம்பி தண்ணிக்கு அழுதழுது கிடந்தான். கரை எப்ப வருமெண்டு தெரியா. நாளைக்கு வேணுமெண்டு நான் மூடி வெச்சிக்கிட்டன். விடியக்குள்ள அழுகை நிண்டிட்டு. அவனக் கடல்ல விட்டிட்டு, இதையும் தூக்கி எறிஞ்சன்.”

தம்பி காய்ச்சலில் போனான் என்றுதான் ஏழு வயதிலிருந்து ஷிஹாராவிடம் சொல்லிவந்தார்கள்.

“இவர்ட்ட குடுத்து இப்பவே கடல்ல போடச் சொல்றன்,” என்று ஷிஹாரா வேலியடிக்கு ஓடினாள். அந்தி மஃரிபுக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. அதற்குள் கரை மங்கியிருந்தது. வள்ளத்தருகே வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஸியாதைக் கூப்பிட்டாள். அவன் கையை உயர்த்தினான். திரும்பினாள்.

சொட்டும் சத்தம் இல்லை.

பலகையில் கெண்டி இல்லை. கதிரையில் உம்மாவும் இல்லை.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

ஹவ்வா உம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இடக்கை பிள்ளையை ஏந்தியதுபோல் மடிந்திருந்தது. கைக்குள் ஒன்றும் இல்லை. அந்த வெறுமைக்கு மேல் கெண்டியைச் சாய்த்திருந்தாள்.

“குடி தங்கம். எல்லாம் ஒனக்குத்தான்.”

தண்ணீர் விழுந்தது. நூலாக. நிற்காமல். சீலை நனையவில்லை. தரை காய்ந்து கிடந்தது.

மடக். மடக்.

யாரோ விழுங்கினார்கள்.

“உம்மா, விடுங்க!”

கெண்டி வற்றியது. விழுங்குவது நிற்கவில்லை. ஹவ்வா உம்மா கெண்டியைக் கீழே வைத்தாள். சிரித்தாள். வலக்கைச் சுண்டுவிரலை அந்த வெறுமைக்குள் கொடுத்தாள்.

மடக்.

விரல் சுருங்கியது. உள்ளங்கை. மணிக்கட்டு. முழங்கைவரை கருவாடாய் வற்றிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மற்றக் கையை மட்டும் மெல்ல, மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.