டேங்க் மூடியில் ஒரு துளை

பின்னால் நின்ற ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது. ஜெனி திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமியது... அடங்கியது.

போடிமெட்டு ஏறும் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மேகம். அவள் ஜீப்புக்குள் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு. நேரம் தவறினால் தோட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒருநாள் கூலி போகும். ஜெனிக்கு ஜீப்பே போகும். இன்னொரு தடவை வழியில் நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா ஸ்டான்லி நேற்றுச் சொல்லியிருந்தார். வேறு டிரைவர் பார்த்து வைத்திருக்கிறாராம். அதற்குப் பிறகு அவள் கடையில் உட்கார்ந்து ஏலக்காய் எடை போடலாம். ஸ்டீயரிங் பிடித்த நாளிலிருந்துதான் அவளுக்குக் காலையில் எழுந்திருக்கவே பிடித்திருந்தது.

பின் ஜீப்பின் டிரைவர் இறங்கி வந்தான். ஒல்லியான ஆள். கோபமாகத்தான் வந்தான். கண்கள் மட்டும் கோபத்துக்கு ஒத்துழைக்கவில்லை.

"வளைவுல நிறுத்தி சாமி கும்பிடுறீங்களா?"

"நீங்கதான் இவ்வளவு மணி அடிச்சிட்டீங்களே. இனி வரம் கெடச்சிரும்."

முன் சீட்டிலிருந்த மகாராணி அக்கா சிரித்தாள். "ஏப்பு, பேச்ச விட்டுட்டு பானெட்டத் தொற. வெரசா. எங்களுக்குச் சோலி கெடக்கு."

அவன் விசாரித்தான். ஜெனி சொன்னாள். பட்டறையில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது. மலையடி முந்தல் தாண்டி ஏற ஏற இழுவை குறையும், பிறகு நின்றுவிடும். டீசல் பம்பை மாற்றியாகிவிட்டது. அப்படியும் இதே கதைதான்.

அவன் பானெட்டைத் திறந்து, ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்தினான். டீசல் பீறிட வேண்டும். கசிந்தது.

"பிரஷரே இல்ல. ஃபில்டர் அடச்சிருக்கு."

"புது ஃபில்டருங்க."

"புதுசா அடச்சிருக்கும்."

தன் வண்டியிலிருந்த ஒன்றை எடுத்து வந்து மாட்டினான். என்ஜின் பிடித்தது. கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக. பேர் அழகுராஜா என்றான். யாரும் கேட்கவில்லை.

"மறுபடி நின்னா கூப்பிடுங்க."

"நிக்காது."

அடுத்த வளைவுக்கும் அதற்கடுத்த வளைவுக்கும் நடுவில் நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை ஹாரன் சத்தம் இல்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது. அவன் பம்பைக் கழற்றத் தயாரானான்.

ஜெனி நனைந்தபடி நின்றாள். பம்பை மாற்றினோம், ஓடியது. ஃபில்டரை மாற்றினான், ஓடியது. ஒருவேளை மாற்றியதால் ஓடவில்லையோ... கொஞ்சநேரம் சும்மா நின்றதால் ஓடியதோ? நிற்கும்போது என்ன நடக்கிறது?

டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்க் பக்கம் போனாள். மூடியைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள் டியூபை அவிழ்த்தாள். மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்...

டேங்க் நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. அழகுராஜா தலையை நிமிர்த்தினான்.

பழைய மூடி தொலைந்துபோனது. மழைத்தண்ணீர் இறங்கிவிடுமே என்று பிளாஸ்டிக் மூடி போட்டு, டியூப் சுற்றி இறுக்கிக் கட்டியவள் அவள்தான். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வேகமாக வர வழியில்லை; வண்டி நிற்கும்போதுதான் கொஞ்சம் கசிந்து வந்தது. பம்பு இழுத்தது, டேங்க் விடவில்லை. இத்தனை நாள் வண்டியை நிறுத்தியது அவள் போட்ட முடிச்சு.

முகம் எரிந்தது. அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை.

"நானும் ஃபில்டரையே பாத்துட்டிருந்தேன்," என்றான் மெதுவாக. "ஒரு ஊக்கு கெடைக்குமா?"

துப்பட்டாவில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். விரல் பட்டது. மழைத்துளி என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஊக்கை லைட்டரில் சுட்டு மூடியில் துளை போட்டான். தண்ணீர் இறங்காமல் இருக்க, துளைக்கு மேல் ஒரு துண்டு டியூபைத் தளர்வாக வைத்தான்.

தோட்டம் இருக்கும் பூப்பாறை வரை வண்டி நிற்கவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனாள். அவனுடைய விளக்குகள் மேகத்துக்குள் மறைந்தன... வந்தன.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்தபோது அப்பாவுக்கு எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். புது டிரைவர், ஊர் ராசிங்காபுரம் என்றார் அப்பா. அவன் முதலாளி ஜீப்பை விற்கிறாராம். இன்றோடு வேலை இல்லையாம்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். யாருடைய வண்டி என்று அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அது அவன் முகத்திலேயே இருந்தது. ஜெனி பார்க்க மறுத்தாள்.

"சாவி ஆணில தொங்குது. எடுத்துக்கங்க. கோளாறுதான் தெரிஞ்சு போச்சே."

உள்ளே போய்விட்டாள்.

காலையில் சாவி ஆணியில்தான் தொங்கியது. அந்த வண்டிக்கு டிரைவர் இருக்காங்க என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டதாக அப்பா சொன்னார். வேலையில்லாதவனுக்கு இவ்வளவு திமிரா என்றும் கேட்டார்.

அதன்பிறகு மலையில் அவன் இல்லை. ஜீப் நன்றாக ஓடியது. ஜெனிக்குத்தான் ஓடவில்லை. பின்னால் எந்த ஹாரன் கேட்டாலும் கண்ணாடியைப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. மழை வந்தால் எரிச்சல், வராவிட்டாலும் எரிச்சல்.

மகாராணி அக்காதான் செய்தி கொண்டுவந்தாள். அவன் பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிக்கப்பை ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடியிலிருந்து மளிகை ஏற்றிப் போவான். "நான் சும்மா சொன்னேன் ஆத்தா," என்றாள் போகும்போது.

ஞாயிறு. கோயில் முடிந்ததும் ஜெனி தனியாக மலை ஏறினாள். அதே வளைவுக்குக் கொஞ்சம் மேலே ஜீப் நின்றது.

சாரலில் நின்றாள். ஒரு லாரி போனது. ஒரு பஸ் போனது. பிறகு ஒரு பிக்கப்... போய்விட்டது. போய், நின்றது.

ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்தான். பானெட் பக்கம் போகவில்லை. நேராக டேங்குக்குப் போய் மூடியைத் திருகினான்.

உஸ்ஸ்ஸ்...

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இதுல துளை இல்லயே."

"புது மூடி."

"யார் மாட்டுனது?"

"நாந்தான். காலைல."

அவன் மூடியை உள்ளங்கையில் உருட்டினான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா சாவி போயிருமே."

"தெரியும்." என்றாள். "அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன். உங்கள நிறுத்த எனக்கு வேற வழி தெரியல."

அவன் சட்டைப் பைக்குள் விரல் விட்டு எடுத்தான். கருத்த நுனியோடு அவளுடைய ஊக்கு.

"குடுத்துரணும்னு வாராவாரம் நெனப்பேன். குடுத்துட்டா... உங்க முன்னாடி வந்து நிக்க ஒரு காரணமும் இருக்காது."

மழை தார்ப்பாயில் விழுந்தது. அவன் கண்களை அவள் இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள்.

"வெரசா குத்துங்க. கீழ போகணும். அப்பாகிட்ட பேசணும்."

"என்னன்னு?"

"வண்டி வழில நின்னுச்சுன்னு... எதுக்கு நின்னுச்சுன்னும்."

அவன் லைட்டரைப் பற்றவைத்தான். பார்வை அவள் பக்கமே இருந்தது. துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.