முன்னால் போகிறவரின் கை

மிரெல்லா ரெமோவின் புது மனைவியாக அந்த வீட்டுக்குக் குடிவந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் பத்தொன்பது நாளில் ரெமோ தன் இறந்துபோன முதல் மனைவி ஐடாவின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அதுதான் அவளை அரித்தது. புகழ்ந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். திட்டியிருந்தால் மனதுக்குள் சந்தோஷப்பட்டிருப்பாள். பெயரையே எடுக்காதவன் அந்தப் பெயரை எங்கோ ஆழத்தில் பத்திரமாக வைத்திருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வீடு ரோக்கவீனா மலையின் அடிவாரத்தில் இருந்தது. பின்புறம் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக மேலேறிப் போயின. அறுவடையின் கடைசி வாரம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் நுரைத்துப் புளிக்கும் சாற்றின் வாசனை. விடிந்தால் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து கொடிகளை விழுங்கிவிடும். மதியம் வரை திருப்பித் தராது.

ஐடாவின் துணிமணிகளை அவள் தங்கை எடுத்துப் போய்விட்டாள். மாடிப்படிக்கு அடியில் ஐடாவின் நீல சைக்கிள் மட்டும் மிச்சமிருந்தது.

"உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்," என்றான் ரெமோ.

"இதுக்கு என்ன குறை? இதையே ஓட்டறேன்."

"உன் இஷ்டம்."

ஐடா உயரமானவள். தன் சீட் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று சீட் தண்டில் சிவப்பு டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தாள். மிரெல்லா சீட்டை இரண்டு விரற்கடை கீழே இறக்கி ஸ்பேனரால் இறுக்கினாள். சிவப்பு டேப் குழாய்க்குள் போய் மறைந்தது. அது மறைந்ததைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் டேப் வெளியே தெரிந்தது.

"ரெமோ, என் சீட்டைத் தொட்டியா?"

"உன் சைக்கிளை நான் ஏன் தொடப்போறேன்?"

அவள் மறுபடி இறக்கினாள். மறுபடி ஏறியிருந்தது. மூன்றாம் முறை, கை வலிக்கும்வரை இறுக்கினாள். மறுநாளும் சிவப்பு டேப் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. படிக்கட்டின் அடியில் கற்பூரத் தைலத்தின் வாசனை அடித்தது. குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தொடையில் தேய்த்துக்கொள்கிற தைலம் அது. ரெமோவுக்கு அந்த வாசனையே ஆகாது. வீட்டில் அப்படி ஒரு புட்டி இல்லை என்பதை மிரெல்லா தேடிப் பார்த்து உறுதி செய்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கரங்களிலும் காற்று இல்லை. ட்யூப்களைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டையே இல்லாத ட்யூப்கள்.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறியா?" என்று படிக்கட்டின் இருட்டைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "செத்தும் உனக்குப் பொறாமையாடி?"

காற்றடித்துக்கொண்டு ரெமோவோடு கிளம்பினாள்.

ஊர் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் ஞாயிறு காலையில் கூடுகிற இடம் தெரெசீனாவின் காபிக் கடை. அன்று எல்லோரும் சங்கத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், இவர்கள் இருவரைத் தவிர சைக்கிளோடு வந்தவர் யாருமில்லை.

"இந்தப் பனியிலயா?" என்றான் குயிதோ. பெரிய தொப்பைக்காரன். "நான் என் மூக்கையே தடவிப் பார்த்துதான் இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஏன் ரெமோ, புதுப் பொண்டாட்டியை நீ மலை மேல தள்ளிக்கிட்டுப் போகப்போறியா, இல்ல அவ உன்னையா?"

"உன்னைத் தள்ளத்தான் டிராக்டர் வேணும்," என்றான் ரெமோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேல ஊர்ப் பலகைக்கு யார் முதல்ல போறாங்களோ அவங்களுக்கு காபி மத்தவங்க செலவு. பழைய சட்டம், மறந்துடாதீங்க. ஆனா பொண்ணே, ஆசை வைக்காதே. அந்தப் பலகைக்கு இவனை முந்திப் போனவ இந்த ஊர்லயே ஒருத்திதான்."

குயிதோ சுவரைப் பார்த்துத் தாடையை உயர்த்தினான்.

அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. ரோக்கவீனா என்ற பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நீல சைக்கிளின் மேல் ஒரு பெண். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. கைகளில் வெள்ளைக் கம்பளிக் கையுறை.

ரெமோ பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான்.

"இன்னும் மறக்க முடியலை பாரு அவனால," என்று தெரெசீனா பெருமூச்சு விட்டாள். "அந்தப் படம் அவ செத்த அன்னிக்குக் காலையில எடுத்ததும்மா. அப்புறம் அந்தப் பக்கத்து இறக்கத்துல, டிராக்டர் சிந்தின சேத்துல வழுக்கிட்டா. மதில்ல தலை அடிச்சு... ரெமோதான் முன்னால போயிட்டிருந்தான். பனியில ஒண்ணுமே தெரியலைன்னு சொல்லி அழுதான்."

மிரெல்லாவின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் படத்திலிருந்த சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் ரெமோவை ஜெயித்தவள். அதனால்தான் இவளை அவனால் மறக்க முடியவில்லை.

இன்றைக்கு நானும் ஜெயிப்பேன்.

வெளியே ரெமோ கறுப்புக் கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என் பின்சக்கரத்தோட ஒட்டிக்கிட்டே வா. காத்து உன் மேல படாது. ரோட்டைப் பார்க்காதே, அது உனக்குத் தெரியாது. என் கையைப் பாரு. பள்ளம், கல்லு, சேறு எது இருந்தாலும் அந்தப் பக்கம் கையைக் கீழே நீட்டுவேன்."

"நீட்டலைன்னா?"

"நீட்டாம எப்படி? பின்னால வர்றவங்களுக்கு முன்னால போறவன் கைதான் கண்ணு. அதைச் செய்யாதவனோட இந்த ஊர்ல ஒருத்தனும் சைக்கிள் ஓட்டமாட்டான்."

ஏற்றம் தொடங்கியது. வெளிச்சம் இருந்தது, பார்ப்பதற்குத்தான் எதுவும் இல்லை. வெள்ளையிலிருந்து ஒரு கொடிக் கம்பம் வரும், நனைந்த சிவப்பு இலைகள் வரும், மறுபடி வெள்ளை. எங்கோ நாய் குரைத்தது மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று தெரியவில்லை. ரெமோவின் மூச்சும் அவள் மூச்சும் மாறி மாறிக் கேட்டன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கை ஒழுங்காகக் கீழே நீண்டது.

பாதி மலையில் அவள் அதைக் கேட்டாள்.

டிக். டிக். டிக்.

பின்சக்கரத்தின் சத்தம். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தானாக உருளவிடும்போது மட்டும் வருகிற சத்தம்.

ரெமோ மிதித்துக்கொண்டிருந்தான். அவளும் மிதித்துக்கொண்டிருந்தாள். இந்த ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும்.

அவளுக்குப் பின்னால் யாரோ மிதிக்காமல் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். பனி. கற்பூர வாசனை.

"விடமாட்டேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். ரெமோவின் பக்கத்தில் வந்தாள். அவன் முகம் திரும்பியது. முதலில் சிரித்தான். அவள் தாண்டியதும் சிரிப்பு நின்றது. அவன் சங்கிலி கியர் மாற்றிக் கடகடத்தது, மூச்சு அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்தது, பின்தங்கியது. வெள்ளையிலிருந்து பெயர்ப் பலகை திடீரென்று வெளிவந்தது.

அவள்தான் முதலில்.

இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கியபிறகுதான் படத்தில் இருந்தவளும் அப்படியே தூக்கியிருந்தது நினைவுக்கு வந்தது.

"ஜெயிச்சிட்டேன்! ரெமோ, ஜெயிச்சிட்டேன்! நீ வேணும்னே விட்டுக்கொடுக்கலியே?"

ரெமோ அவளைப் பார்க்கவில்லை. மேலே அங்கி ஒன்றை மாட்டி, கழுத்துவரை இழுத்து மூடினான்.

"இறக்கத்துல குளிரும். பின்னாலயே வா."

"காபி உன் செலவு!"

"ஒட்டியே வா," என்றான்.

இறக்கத்தில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. அவன் வேகமாகப் போனான். வழக்கத்தைவிட வேகம். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அவள் ஒட்டிக்கொண்டு வந்தாள். கண்ணீர் காற்றில் காதுப் பக்கம் ஓடியது. சாலை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவன் முதுகுதான் தெரிந்தது. அவன் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன.

இடது வளைவு. ஈர மதில். மதிலில் பிளாஸ்டிக் பூக்கள் செருகிய சின்ன மாதா மாடம்.

ரெமோவின் இடுப்புக்கு வலப்பக்கம் ஒரு கை கீழே நீண்டது.

விரல் சாலையைச் சுட்டியது.

வெள்ளைக் கம்பளிக் கையுறை.

ரெமோவின் கையுறை கறுப்பு. அவன் கைகள் இரண்டும் ஹேண்டில்பாரில்தான் இருந்தன.

அவள் யோசிக்கவில்லை. உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அவள் சக்கரத்துக்கு வலப்பக்கத்தில், ஒரு பாய் அளவுக்கு, நசுங்கிய திராட்சைத் தோலும் களிமண்ணும் கலந்த சேறு எண்ணெய்போல் மின்னியபடி கடந்து போயிற்று. அதற்குச் சற்று முன்புதான், ஒரு நொடி முன்பு, ரெமோவின் சக்கரமும் மெல்ல இடப்பக்கம் வளைந்து அதைத் தவிர்த்திருந்தது.

மெல்ல. அழகாக. கையை எடுக்காமல்.

கீழே கல் தொட்டியில் எப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் அவன் நின்றான். அவள் வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தான். அவள் அங்கே நிற்பதை எதிர்பார்க்காத முகம்.

"வந்துட்டியா," என்றான்.

சைக்கிளை மதிலில் சாய்த்தாள். உயர்ந்து உயர்ந்து நின்ற சீட்டும், காற்றுப்போன ட்யூப்களும் ஒவ்வொன்றாக மனதில் இடம் மாறி உட்கார்ந்தன. போகாதே என்றுதான் ஐடா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தச் சேத்தைப் பார்த்தியா, ரெமோ?"

"எந்தச் சேறு? இந்தப் பனியில என்ன தெரியும்?"

"நீ வளைஞ்சு போனே."

"ரோடு வளைஞ்சுது, நானும் வளைஞ்சேன். விட்டுத்தள்ளு. குளிருது, போகலாம்."

டிக். டிக். டிக்.

இரண்டு சைக்கிள்களும் மதிலில் சாய்ந்திருந்தன. இரண்டின் சக்கரங்களும் நின்றிருந்தன. சத்தம் மேலே வளைவிலிருந்து, அவசரமில்லாமல், இறங்கி வந்தது.

இந்த முறை ரெமோவுக்கும் அது கேட்டது.

"யாரு? குயிதோ? டேய், விளையாடாதே!"

டிக். டிக்.

கற்பூர வாசனை தொட்டித் தண்ணீரின் மேல் பரவியது. ரெமோ மூக்கைப் புறங்கையால் மூடினான். பின்னால் ஓரடி வைத்தான், தொட்டி தடுத்தது. அவன் கண்கள் எதையோ பின்தொடர்ந்து மேலிருந்து அருகே வந்து, தனக்கு நேர் எதிரே நின்றன. மிரெல்லா அங்கே பனியைத்தான் பார்த்தாள்.

டிக்.

சத்தம் நின்றது. தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது.

அவன் உதடுகள் அசைந்தன. மிரெல்லா வந்த நாளிலிருந்து காத்திருந்த பெயரை அவன் கடைசியில் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை.

"ஐடா," என்றான். "நீ எல்லார் முன்னாலயும் கையைத் தூக்கினே. என்னால தாங்க முடியலை. சேறு எனக்குத் தெரிஞ்சுதுடி. தெரிஞ்சுதான் நான் கையைக் காட்டலை."